மாஸ்டரின் படத்தில் நாலாவது ஆள்

மூன்று என்ற எண்ணுக்குப் பயந்த கணித ஆசிரியர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் ஒழுங்கையில், எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் உண்டு. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் மீன்காரர் முதல் கோயில் ஐயர் வரைக்கும் அவர் நாலாள் மாஸ்டர்தான்.

மூன்று பேர் மட்டும் நின்று படம் எடுத்தால் அதில் ஒருவருக்கு ஆகாது என்று எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு எடுத்துவிடுவார்கள். மாஸ்டர் எடுக்கமாட்டார். கமெராவைக் கீழே இறக்கிவிட்டு நாலாவது ஆளைத் தேடி ஓடுவார்.

அவருக்கு இந்தக் கமெராப் பைத்தியம் ஐம்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. கனடாவிலிருந்து வந்த மைத்துனர் தன் பழைய கமெராவைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆரம்ப காலத்துப் படங்களில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் தலை இல்லை. தலை இருந்தவர்களுக்குக் கண் மூடியிருந்தது. மாஸ்டர் அதற்கெல்லாம் அசரவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கணக்குக் கொடுப்பதுபோலத் தனக்குத்தானே பயிற்சி கொடுத்துக்கொண்டார். ஒரு கிழமை, ஏழு நாளும், நீல நிறம் மட்டும். அடுத்த கிழமை நிழல் மட்டும். அதற்கடுத்த கிழமை மனிதர்களின் முதுகு மட்டும். அந்தக் கிழமை சந்தையில் அவர் தலை தெரிந்தாலே வியாபாரிகள் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு தேசிக்காய் விற்றார்கள்.

ஒருநாள் கிண்ணியாப் பாலத்தடியில் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்தார். ஒரு கொக்கின் கால் மட்டத்திலிருந்து பாலம் எப்படித் தெரியும் என்பது அன்றைய பயிற்சி. மோட்டார் சைக்கிளில் போன கிண்ணியாக்காரர் ஒருவர் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி ஓடினார்.

"என்ன மாஸ்டர், விழுந்திட்டீங்களா?"

"விழேல்லை. கோணம் பாக்கிறன்."

"கோணத்தை எழும்பி நிண்டு பாக்க ஏலாதா?"

அதற்குள் கொக்கு பறந்துவிட்டது. மாஸ்டர் சேற்றோடு எழும்பி, அந்த மனிதருக்கு ஷட்டர் வேகம் பற்றி ஒரு பாடம் எடுத்துத்தான் அனுப்பினார். பாவம், அந்த மனிதர் தண்ணீரைத் தானே குடிக்க வேண்டியதாயிற்று.

இன்னொருநாள் கடற்கரையில் மூன்று பேர் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள். மாலை வெயில் அவர்கள் முகத்தில் அப்படி விழுந்திருந்தது. மாஸ்டர் "அசையாதேங்கோ!" என்று கத்திவிட்டு நாலாவதுக்கு ஓடினார். மனிதர் ஒருவரும் அகப்படவில்லை. எங்கள் ஊர் வீதிகளில் தன்பாட்டில் திரிகிற மான்களில் ஒன்றுதான் அகப்பட்டது. வாழைப்பழத்தோலைக் காட்டி அதைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வெயில் போய்விட்டது, தைத்தவர்களும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். மான் மட்டும் நின்று கமெராவின் மூடியைச் சப்பியது.

மாஸ்டரின் வீட்டில் அவர், மனைவி மலரக்கா, மகள் தர்சினி. எண்ணிப் பாருங்கள், மூன்று பேர். ஆகவே அந்த வீட்டுக் குடும்பப் படங்கள் எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். பொங்கல் பானைக்குப் பின்னால் நான். தர்சினியின் பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் நான். மாஸ்டர் கமெராவை முக்காலியில் பூட்டி, டைமரைப் போட்டுவிட்டு ஓடி வருவார். பாதி வழியிலேயே அது எடுத்துவிடும். அதனால் படங்களில் அவர் முதுகாகவோ புகையாகவோ இருப்பார், நான் மட்டும் துலக்கமாக இருப்பேன். லண்டனிலுள்ள மாஸ்டரின் பெரியம்மா ஒருமுறை மலரக்காவுக்குப் போன் எடுத்து, "எடியே, உனக்கு இப்பிடி ஒரு தம்பி இருக்கிறதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கோபித்துக்கொண்டாராம்.

ஒருநாள் நான் கேட்டேவிட்டேன். "மாஸ்டர், நீங்கள் படிச்ச மனிசன். இதை உண்மையா நம்பிறீங்களா?"

கமெராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கை நின்றது. "நானும் அம்மாவும் ஐயாவும் ஸ்டூடியோவில நிண்டு ஒரு படம் எடுத்தனாங்கள். அடுத்த பொங்கலுக்கு அம்மா இல்லை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு எனக்குத் தெரியும் தம்பி. ஆனா விரல் அமத்துதில்லை."

அதற்குப் பிறகு நான் அவரைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

வருடங்கள் போகப்போக மாஸ்டரின் கை திருந்தியது. அதிகாலைப் பனிப்புகாருக்குள் வள்ளங்கள் மிதக்கிற அவருடைய படத்தைப் பார்த்தால், தினமும் நாம் தாண்டிப் போகிற துறைமுகம் இதுதானா என்று சந்தேகம் வரும். படத்தைக் கணினியில் திருத்துவதை மட்டும் அவர் அறவே வெறுத்தார். "சோதினையில பக்கத்துப் பிள்ளையின்ர விடையைப் பாத்து எழுதிற வேலை அது" என்பார்.

தர்சினி படிப்புக்காக வெளிநாடு போகிற கிழமை. மலரக்கா கேட்டார்: "இஞ்சேருங்கோ, எனக்கு ஒரே ஒரு படம் வேணும். நாங்கள் மூண்டு பேர் மட்டும். தம்பி குறை நினைக்காது."

"நான் ஏன் அக்கா குறை நினைக்கிறன்? எனக்கும் ஓய்வு வேணும்தானே" என்றேன்.

மாஸ்டர் ஒருவழியாக "ஓம்" என்றார்.

அன்று பின்னேரம் உட்துறைமுகக் கரையில் முக்காலி நின்றது. மலரக்கா கல்யாணச் சேலை உடுத்தியிருந்தார். நான் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு சாரத்தோடு அந்த வழியால் வந்தவன், கண்ணில் படக்கூடாதென்று வீதிக்கு மறுபக்கம் ஒதுங்கி நடந்தேன். மாஸ்டர் டைமரைப் போட்டார். இந்த முறை ஓடிப்போய்ச் சரியான நேரத்துக்கு மனைவிக்குப் பக்கத்தில் நின்றும்விட்டார். சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. அவர் முகம் வெளிறியது.

"தம்பீ! ஓடி வாங்கோ! ஓடி வாங்கோ!"

ஒரு கையில் பாண், மற்றக் கையில் அவிழப் பார்க்கிற சாரம். நான் வீதியைக் கடந்து ஓடி வந்த ஓட்டத்தைப் பார்த்து மலரக்கா சிரித்தார். வாயைப் பொத்தாமல், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். நான் அவர்களுக்குப் பக்கத்தில் போய்ச் சேரவும் கமெரா அதை எடுத்துக்கொண்டது.

"திரும்ப ஒருக்கா எடுப்பம்" என்றார் தர்சினி.

"வெளிச்சம் போயிட்டுது பிள்ளை. நீ அடுத்த முறை வரேக்க எடுப்பம்" என்றார் மாஸ்டர்.

அடுத்த முறை தர்சினி வந்தது அம்மாவின் செத்தவீட்டுக்கு. மலரக்கா ஒருநாள் காலையில் நெஞ்சு நோகிறது என்று கதிரையில் இருந்தவர், எழும்பவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு மாஸ்டர் என்னிடம் ஒன்று கேட்டார். அதைக் கேட்டபோது அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலு பேர்தானே தம்பி நிண்டனாங்கள்?"

"ஓம் மாஸ்டர். நாலு பேர்தான்."

 

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் மகள் விட்டுப்போன கணினி. திரையில் அந்தக் கரைப் படம். திருத்துகிற வித்தையைத் தானாகவே இருந்து படித்திருந்தார். "அவ கேட்டது ஒண்டே ஒண்டுதான். மூண்டு பேர். குறை நினைக்காதேங்கோ தம்பி, உங்களைப் படத்திலயிருந்து எடுக்கப்போறன்."

"எடுங்கோ மாஸ்டர்" என்று கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். தன்னை இன்னொருவர் அழிப்பதை உட்கார்ந்து பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. காலில் தொடங்கினார். கால் போன இடத்தில் கடல் வந்தது. சாரம் போனது, பாண் போனது. தொந்தி மட்டும் கொஞ்சம் சிரமப்படுத்தியது. கடைசியில் அதுவும் போய், மூன்று பேர் நின்றார்கள். அப்பழுக்கில்லாத வேலை. ஒரு கோடு, ஒரு கறை தெரியவில்லை.

ஆனால் மலரக்கா வெறும் தண்ணீரைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் அந்தச் சிரிப்பையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செய்ததை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்தார். தொந்தி வந்தது. பாண் வந்தது. கடைசியாகக் கால்களும் வந்து சேர்ந்தன.

"நீங்கள் இருங்கோ தம்பி" என்றார். "நீங்கள் இல்லாட்டி அவ என்னத்துக்குச் சிரிக்கிறா எண்டு ஆருக்கும் விளங்காது."

அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டு விறாந்தையில் பெரிதாக மாட்டியிருக்கிறது. மலரக்காவுக்குப் போட்ட மாலை என் பாணின் மேலும் கொஞ்சம் விழுகிறது.

மாஸ்டர் இன்னமும் படம் எடுக்கிறார். முன்னரைவிட நன்றாக எடுக்கிறார். கடற்கரையில் மூன்று பேர் நின்றாலும் இப்போது கூசாமல் கமெராவை உயர்த்துகிறார். ஓடுவதில்லை, ஆளைத் தேடுவதில்லை. அவர் அப்படி ஓடாமல் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. பாணோடு வருகிற நாட்களில், யாரும் கூப்பிடாமலே, நான் போய் அந்த மூன்று பேருக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.