ஒரகடம் பஸ்ஸின் சவ்வு தளர்ந்த படலம்

வாழ்க செல்லக்கனி! சாத்தான்குளத்துச் செம்மண் ஈன்ற சிங்கக்குட்டி, தீக்கோல் பிடித்து மின்பலகை மேல் ஈயத்துளி வைக்கும் நுண்விரலாள், வாடகை அறையில் ஐவரோடு ஒரே வாளியைப் பகிர்ந்தும் பகை வளர்க்காத பெருந்தகையாள், சுங்குவார்சத்திரத்து நிறுத்தத்தில் ஒரகடம் பஸ்ஸை எதிர்நோக்கி நின்ற திருக்கோலம் வாழ்க!

போருக்கு முன் காப்புப் பாடுவது மரபு. நாம் உயிரணுவைப் பாடுவோம். கண்ணுக்குத் தெரியாத அச்சிற்றரசனுக்கு மெல்லிய சவ்வே கோட்டை மதில். வெளிப்பொருள் ஒன்றை அவன் விழுங்க வேண்டுமானால் அம்மதில் உட்புறம் குழிந்து, வந்ததைச் சுற்றி அணைத்து, சிறு பையாக முடிந்து உள்ளே கழன்று விழ வேண்டும். விறைத்த சவ்வு லேசில் குழியாது. உள்ளிருக்கும் பை ஒன்று மதிலோடு வந்து கலந்து தன் சரக்கை வெளியே சுரந்தால், அப்பையின் தோலும் மதிலோடு சேர, மதில் தளரும். தளர்ந்தபின் விழுங்குதல் எளிது. கொடுப்பவனுக்கே கொள்ளவும் இடமுண்டு என்பதை ஆண்டவன் இத்தனை சிறிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

2011 ஆடி மாதத்தில், அந்தக் காலையில் வந்த பஸ்ஸோ விறைப்பின் உச்சத்தில் இருந்தது. படிக்கட்டில் தொங்கிய வீரர்கள் முதுகோடு முதுகு சேர்த்து மதிலாகி நின்றனர்.

உட்கார்ந்தவர்கள் நிற்பவர்களின் பைகளை மடியில் தாங்குவது அத்தடத்தின் அறம். அவ்வறத்தை நம்பி, ஏறுமுன்பே நம் தலைவி தன் பையை ஜன்னல் வழியே நீட்டினாள்.

“குடும்மா, வச்சிக்கிறேன்,” என்று வாங்கினாள் சேரப்பணஞ்சேரிக் கிளியம்மாள். அவள் மடியிலோ ஏற்கெனவே மூன்று சாப்பாட்டுப் பைகள். ஆகவே இப்பை கைமாறிக் கைமாறி, முந்தி ஏறிவிட்டு பஸ்ஸின் நடுவயிற்றில் நின்ற அறைத்தோழி வேல்விழியிடம் போய்ச் சேர்ந்தது. பஸ் பையை விழுங்கிவிட்டது. பைக்கு உரியவளை விழுங்கவில்லை.

ஐயகோ! அப்பைக்குள் புளிச்சாதத்தோடு அடையாள அட்டையும் இருந்தது. அட்டையின்றி ஆலை வாசல் திறவாது. அன்றுதான் பயிற்சிக்காரிகளை நிரந்தரமாக்கும் தேர்வு. தவறினால் ஊருக்கே திரும்ப வேண்டியதுதான்.

பாய்ந்தாள் செல்லக்கனி! யானை கோட்டைக் கதவை முட்டியதுபோல் முட்டினாள். மதில் இன்னும் இறுகியது. தோளைக் கேடயமாக்கி மீண்டும் மோதினாள். பாறையில் விழுந்த அலையாய்ச் சிதறித் தார்ச்சாலைக்கே திரும்பினாள்.

அப்போது, தூத்துக்குடியில் விலங்கியல் பட்டம் பெற்று இங்கே திருகாணி முடுக்கும் வேல்விழி உள்ளிருந்து முழங்கினாள்: “ஏட்டி, முட்டாதட்டி! நீ முட்ட முட்ட இவங்க விறைக்காங்கல்லா! ஒரு ஆளு வெளிய வந்தாத்தான் ஒனக்கு வழி!”

“அப்ப நீயே எறங்கேன் டீச்சர்!” என்றது ஒரு குரல். பஸ் சிரித்தது. கை அசைக்கவும் இடமில்லாத வேல்விழி பையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். கோட்பாடு மெய்யே; அதற்காகத் தன் இடத்தை விட்டு இறங்குபவர் யார்?

“போலாம் ரைட்!” என்று கண்டக்டரின் விசில் போர்ச்சங்காய் ஒலித்தது. சக்கரம் அசைந்தது. செல்லக்கனியின் கண்ணில் நீர் முட்டியது.

அக்கணம் கடைசிப் படியில் நின்ற தாண்டவராயன் திரும்பிப் பார்த்தார். வடக்குப்பட்டுக்காரர்; இராக்காவல் முடித்து, தூக்கம் சொக்கும் கண்களோடு வீடு திரும்புபவர்.

“இன்னாம்மா, பையி மட்டும் தனியா வேலைக்குப் போவுதா? யோவ், நிறுத்துய்யா! ஏறு, ஏறு. வூடு எங்கியும் ஓடாது.”

சொல்லிக்கொண்டே அவர் குதித்தார். ஆகா! மதில் ஒரு சாண் தளர்ந்தது. அவ்விடம் குழிந்தது. அக்குழியில் செல்லக்கனியின் பாதம் நுழைந்தது, தோள் நுழைந்தது. நாலாபுறமும் முதுகுகள் அவளைச் சூழ்ந்து மூடின. சற்றுமுன் மதிலாய் எதிர்த்த தோள்களே இப்போது அவளைத் தாங்கின. “உள்ள வா பாப்பா, இந்தக் கம்பியப் புடி,” என்றவர் அவளை முதலில் நெட்டித் தள்ளியவரே.

“பை எங்கிட்ட பத்திரமா இருக்குட்டி!” என்று நடுவயிற்றிலிருந்து வெற்றிமுரசு அறைந்தாள் வேல்விழி.

விண்ணவர் பூமாரி பொழியவில்லை. ஆண்டவனின் அச்சின்னஞ்சிறு எழுத்தைத் தூக்கக் கலக்கத்திலும் பிழையின்றி வாசித்த அப்பெருமகனின் முகத்தில் பஸ்தான் கரும்புகை பொழிந்து, திருப்பத்தில் மறைந்தது. அவர் துண்டால் முகம் துடைத்து, மன்னர்க்கு மன்னராய், மேன்மையின் தனிச்சிகரமாய், நிறுத்தத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

அடுத்த பஸ்ஸும் நிரம்பித்தான் வந்தது.