மூன்றாவது கொட்டேஷன்

உலகத்தில் உடற்பயிற்சி செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், நடுவே கையில் பேனாவோடு நிற்கிற இன்னொரு ரகமும் உண்டு. நாளையிலிருந்து ஆரம்பிக்கப் போகிறவர்கள் என்று இவர்களை நினைத்துவிடாதீர்கள். அது சோம்பேறிகளின் சங்கம், அதில் சேர எந்தத் தகுதியும் வேண்டாம். இவர்கள் கடும் உழைப்பாளிகள். வீட்டிலேயே மெஷின் வாங்கிப் போட்டு ஓடுவதா, ஜிம்மில் போய்ச் சேருவதா என்று தீர்மானிக்க இவர்கள் படுகிற பாட்டில் கால்வாசியை ஓடுவதில் பட்டிருந்தால், தொப்பை என்றைக்கோ மூட்டை கட்டியிருக்கும்.

இந்த ரகத்தில் ஒரு நல்ல மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் பட்டியல் சாரைத்தான் பார்க்க வேண்டும். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஒரு பெரிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியதில் அந்தப் பெயர் மறந்துபோய் இது ஒட்டிக்கொண்டது. மூன்று கடைகளிலிருந்து மூன்று கொட்டேஷன் வாங்காமல், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பட்டியல் போடாமல், அந்த அலுவலகத்துக்குள் ஒரு துடைப்பம்கூட நுழைந்ததில்லை. துடைப்பம் வருவதற்குள் குப்பை முழங்கால் வரைக்கும் வந்துவிடும். வரட்டுமே, விதி விதிதானே?

மூன்று மாதத்துக்கு முன், வீட்டோடு இருக்கும் மாமனாரை டாக்டரிடம் அழைத்துப் போனார். மாமனார் ஓய்வு பெற்ற மின் மீட்டர் ரீடிங்காரர். துணைக்கு வந்தவரின் சட்டைப் பொத்தான்கள் படும் அவஸ்தையைப் பார்த்த டாக்டர், அவருக்கும் சேர்த்தே ரத்தப் பரிசோதனை எழுதினார். இரண்டு பேருக்கும் சர்க்கரை கிட்டத்தட்ட ஒரே அளவு.

"மூணு மாசம் டைம் தர்றேன். தினமும் உடம்பு வேர்க்கணும். குறைஞ்சா சந்தோஷம். குறையலேன்னா மாத்திரை" என்றார் டாக்டர்.

பட்டியல் சார் நிஜமாகவே பயந்துபோனார். இதை மட்டும் கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய அப்பாவின் சட்டைப் பையில் இருபது வருஷம் ஒரு மாத்திரை டப்பா கலகலத்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம்தான் அப்பா தெருவில் வருகிறார் என்பதற்கு அடையாளம். கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் அந்தச் சட்டையை மடித்து இவர் கையில் கொடுத்தபோதும் டப்பா கலகலத்தது. அந்த டப்பா தன் பைக்குள் வரக்கூடாது என்று, டாக்டர் சொன்ன அன்றைக்கே சபதம் எடுத்தார். சபதம் எடுத்த கையோடு கோடு போட்ட நோட்டு ஒன்றையும் எடுத்தார்.

முதல் வேலையாகக் கடைக்குப் போய், ஓடும் மெஷினின் நீள அகலத்தை அளந்துகொண்டு வந்து, வீட்டு ஹாலின் நட்ட நடுவே பழுப்பு டேப்பால் ஆறரை அடிக்கு மூன்றடி ஒரு கட்டம் ஒட்டினார். மெஷின் வந்தால் வீட்டில் நடமாட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். அதனால் கட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, நாற்காலி போடக் கூடாது, வருகிற விருந்தாளியும் வளைந்துதான் வர வேண்டும். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே தையல் தைக்கிறவர், துணியை விரித்து வெட்டுவது அந்த இடத்தில்தான். அவர் கத்தரிக்கோலோடு கட்டிலுக்குக் குடிபெயர்ந்தார்.

அடுத்தது ஜிம். ஏழு நாள் இலவசமாக வந்து பார்க்கலாம் என்றார்கள். ஏழு நாளும் போனார். ஒரு டம்பெல்லைத் தொட்டாரா? வாசலிலிருந்து எத்தனை படி, கண்ணாடிகள் எத்தனை, வேர்வை நாற்றம் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடுகிறது, ஓடும் மெஷினுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அதில் ஏறி நின்று போன் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று பதினான்கு பக்கம் எழுதினார். நாலாவது நாள் பயிற்சியாளர் பயந்துபோய் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "சார், நீங்க எந்த ஆபீஸ்லேருந்து இன்ஸ்பெக்ஷன் வந்திருக்கீங்க?" என்று கேட்டார். அந்த நாற்காலியில்தான் மீதி மூன்று நாளும் கழிந்தது.

பட்டியல் பிரமாதமாக வந்தது. வீட்டில் என்றால் மழைக்குப் பயமில்லை, ஆனால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஜிம்மில் நாலு பேரைப் பார்த்தால் ரோஷம் வரும், ஆனால் அந்த நாலு பேரும் நம்மைப் பார்ப்பார்கள். அதை வாங்கிப் படித்த அலுவலக டிரைவர் மறுநாளே ஜிம்மில் சேர்ந்து பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். அதையே படித்த டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டில் மெஷின் வாங்கி, இப்போது மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறுகிறார். எழுதியவர் மட்டும் லிஃப்டுக்காகக் காத்திருந்தார்.

"அதான் எல்லாம் எழுதியாச்சே. ஒண்ணு வீடு, ஒண்ணு ஜிம்மு. எதையாவது முடிவு பண்ணுங்களேன்" என்றார் மனைவி.

"ரெண்டுதானே இருக்கு. மூணாவது கொட்டேஷன் இல்லாம ஃபைல் எப்படிம்மா நகரும்?"

"உங்க தொப்பை ஃபைலாங்க?"

"விதின்னா எல்லாத்துக்கும் விதிதான்."

மூன்றாவதைத் தேடி இரண்டு மாதம் போனது.

இதற்கிடையில் மாமனார் என்ன செய்தார்? பெரிதாக ஒன்றுமில்லை. அவர் அறையிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற நேர்வழியை மாப்பிள்ளையின் டேப் மறித்துவிட்டதால் சுற்றிப் போனார். வயசான சர்க்கரைக்காரர், அடிக்கடி போக வேண்டியிருந்தது. சுற்றிச் சுற்றி அதுவே பழகிப்போய், போகத் தேவையில்லாத நேரத்திலும் சுற்ற ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாக நடந்து மீட்டர் பார்த்த கால், விடுமா? தினமும் இத்தனை சுற்று என்று காலண்டரில் குறித்து வைத்தார். "இன்னைக்கு ரீடிங் நூத்தம்பதும்மா" என்று மகளிடம் சொல்லிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொள்வார். மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்தபடி, "மாமா, டேப்பை மிதிச்சுடாதீங்க" என்பார்.

மூன்று மாதம் முடிகிற அன்று மனைவி இஞ்ச் டேப்பை எடுத்து இருவரின் இடுப்பையும் அளந்தார். "ரத்தமெல்லாம் எடுக்கவே வேண்டாம். அப்பா பேண்ட்டை ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன். உங்க பேண்ட்டை ரெண்டு தடவை பிரிச்சு விட்டேன். இதுக்கு மேல பிரிக்கத் துணியில்லை" என்றார்.

ரத்தமும் அதையேதான் சொன்னது. மாமனாரின் முதுகில் தட்டிக்கொடுத்த டாக்டர், பட்டியல் சாருக்கு மாத்திரைச் சீட்டு எழுதினார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கோபத்தோடு நோட்டைத் திறந்து, காலியாகக் கிடந்த மூன்றாவது பத்தியில் எழுதினார். 'அப்பா. இடம்: அதே கட்டம், வெளிப்பக்கம். கட்டணம்: இல்லை. கீழ்வீட்டு ஆட்சேபணை: இல்லை.' எழுதி அவர் மடியில் போட்டார்.

பட்டியல் சார் படித்தார். கண் கலங்கியது. மூன்று கொட்டேஷனும் சேர்ந்துவிட்டது. மூன்றில் மலிவானதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவரே ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்ட விதி. எழுந்தார். கட்டத்தின் மூலையில் போய் நின்றார். வலது காலைத் தூக்கினார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"மாமா, இப்படிச் சுத்தறது நல்லதா, அப்படிச் சுத்தறது நல்லதா?"

"எப்படிச் சுத்தினாலும் பாத்ரூம் வந்துடும் மாப்ள. நடங்க."

"இல்ல, ரெண்டுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கும்" என்று காலைக் கீழே வைத்துவிட்டு, பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார். உள்ளே டப்பா கலகலத்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வீடா ஜிம்மா என்று கடைசியிலாவது சொல்லிவிடுவார்கள் என்றுதானே இவ்வளவு தூரம் படித்தீர்கள்? படிக்க ஆரம்பித்ததிலிருந்து நாற்காலியை விட்டு ஒருமுறையாவது எழுந்தீர்களா? இப்போது எழுந்தால் போதும். இல்லையென்றாலும் பரவாயில்லை, இதே விஷயமாக வேறு யாராவது இன்னும் இரண்டு கட்டுரை எழுதியிருப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.