மாட்டுத் தொழுவத்தில் நின்ற ரயில்

ஒரு மாட்டுத் தொழுவத்தை ரயில் நிலையம் என்று சொல்லி நாலு பேரை நம்பவைத்தேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். சரித்திர வாத்தியாராக ஓய்வுபெற்றவன் செய்யக்கூடாத காரியம்.

குலசேகரப்பட்டினத்திலிருந்து திசையன்விளைக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது உண்மை. சர்க்கரை ஆலைக்காகப் போட்ட குறுகிய பாதை. சரக்கோடு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆலை மூடியதும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். எல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு. மிச்சத்தைத் தேரிமணல் மூடிவிட்டது.

அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து சில ரயில் ஆர்வலர்கள் வேனில் வந்தார்கள். வழிகாட்டி நான். காலையிலிருந்து உடைமரங்களுக்குள் நடத்திக் கூட்டிப்போயும் காட்டுவதற்கு ஒரு ஆணிகூட அகப்படவில்லை. (எனக்கு முழங்கால் வலி, பசி வேறு.) திரும்பும்போது பக்கத்து வீட்டுத் தங்கராசு அண்ணாச்சியின் பழைய தொழுவம் கண்ணில் பட்டது. மாடுகள் போய் வெகுகாலம். கல் மேடை மட்டும் நீளமாகக் கிடந்தது.

“இதுதான் பிளாட்பாரம்” என்றேன். மாடு கட்டும் இரும்பு வளையம் விளக்கு மாட்டுவதற்கு என்றும் சொன்னேன். அது எதற்கு என்று யாரும் கேட்கவே இல்லை.

அவர்கள் எடுத்துப் போட்ட வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. பஞ்சாயத்தார் தொழுவத்தின் முன்னால் ‘பழைய ரயில் நிலையம்’ என்று பலகை நட்டார்கள். அந்த இடத்தில்தான், துபாயில் வேலை போய்த் திரும்பியிருந்த மகன் செல்வத்துக்குப் பலசரக்குக் கடை கட்ட அண்ணாச்சி செங்கல் இறக்கியிருந்தார். ஊரின் பெருமையை இடிக்க அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். சண்டை போடவில்லை.

“வே, எங்கய்யா அங்கன உக்காந்துதான் பால் கறந்தாரு. ரயில்லயா வே கறந்தாரு?”

மறுநாளே பஞ்சாயத்துத் தலைவியிடம் போய் உண்மையைச் சொன்னேன். என்னிடம் படித்த பெண்.

“பிளாட்பாரம்னு நீங்களாத்தான் சொன்னீங்க, சார். தொழுவம்னு இப்ப யாரு சொல்லச் சொன்னா?”

அண்ணாச்சியின் முகத்துக்காகப் பேசுகிறேன் என்று முடிவுகட்டி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். வாழ்நாளெல்லாம் வகுப்பில் நான் சொன்னதைக் கேட்டதும் மறந்தவர்கள், இந்த ஒரு பொய்யை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள்.

வேறு வழி தெரியாமல் என் வீட்டு முன்சுவரை இடித்து, ரோட்டை ஒட்டிய இடத்தைச் செல்வத்துக்கு விட்டேன். வாடகை வாங்குவதில்லை. (என் மனைவி வெகுநாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.) கடைக்கு ‘ஸ்டேஷன் ஸ்டோர்ஸ்’ என்று அவன் பெயர் வைத்தபோது, வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

கடை ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழுவம் பார்க்க வருகிறவர்கள் இங்கேதான் சோடா குடிக்கிறார்கள். ஒரு நாள் உள்ளே படுத்திருந்தேன். செல்வம் யாரிடமோ எங்கள் கிணற்றைக் காட்டி, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தது இதில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுத்துச் சொல்ல எழுந்தேன்.

“சும்மா கெடங்க” என்றாள் மனைவி. “இன்னைக்குத்தான் அவனுக்கு நல்ல ஏவாரம்.”

படுத்துக்கொண்டேன். அந்தக் கிணற்றை வெட்டியது நான்.

இப்போதெல்லாம் காலையில் மோட்டார் போடும் முன், “எஞ்சினுக்குத் தண்ணி ஏத்தட்டுமா?” என்று அவள் கேட்கிறாள். ஏற்று என்று சொல்லிவிடுகிறேன்.