கேடயம் வாங்கிய மண்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். எங்கள் வீட்டு மண்ணை மிதிக்காமல் அவ்வளவு தூரத்தில் பத்திரமாக இருக்கும்போது சுகத்துக்கு என்ன குறைச்சல்? போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் என் மகள் குறுக்கே புகுந்து, "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன தடவை நீங்கள் வந்தபோது பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். வந்த வீட்டில் மனிதர் காபி குடிப்பார், பேப்பர் படிப்பார், கொஞ்சம் தூங்குவார். நீங்களோ ஆபீஸ் பெட்டியைத் திறந்து, தலைமுடி உலர்த்துகிற மெஷின் மாதிரி இருக்கிற உங்கள் உலோகப் பரிசோதனைக் கருவியை எடுத்து, உங்கள் அத்தையின் கீரைப் பாத்தியைக் குறிபார்த்தீர்கள். அதில் ஏதோ ஒரு எண் வந்தது. உங்கள் முகம் வெளுத்தது. "மாமா, மண்ணுல ஈயம் இருக்கு, ரொம்ப இருக்கு" என்றீர்கள். அந்த நேரம் பார்த்துப் பேத்தி ஒரு பிடி மண்ணை வாயில் போட, என் மகள் போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே மூட்டை கட்டினீர்கள். மண் சுத்தமாகும் வரை குழந்தையைக் கூட்டி வர மாட்டோம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனீர்கள். அவள் இப்போது நடக்கிறாளாம். வீடியோவில் பார்த்தேன். என்னை நோக்கித்தான் நடந்து வந்தாள், பக்கத்தில் வந்ததும் படம் முடிந்துவிட்டது.

நான் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவன் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே ஏறினாய் என்பதுதான். ஈயத்துக்கும் அதே கேள்விதான். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உடைக்கிற பட்டறை இருக்கிறது. நேரே போய் முதலாளியைக் கேட்டேன். அந்த ஆள் சிரித்தார். "ஈயம் என்ன விலை விக்குது தெரியுமா சார்? அதைப் போய் நான் மண்ணுல விடுவேனா?" என்றார். அவர் பேசும்போதே பின்னால் ஒருவன் பேட்டரியைக் கவிழ்த்து உள்ளே இருந்ததைத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தான். "அது வெறும் தண்ணி" என்றார். அந்த வெறும் தண்ணீர் பட்ட இடத்தில் சிமெண்ட் நுரைத்தது. இந்த லட்சணத்தில் எனக்கு உட்கார நாற்காலி வேறு போட்டார்.

சரி என்று மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே காற்றுக்கு ஒரு மேசை, தண்ணீருக்கு ஒரு மேசை. மண்ணுக்கு மேசை இல்லை. காற்றுக்காரர் கேட்டார், "உங்க மண்ணு பறக்குதா?" இல்லை என்றேன். தண்ணீர்க்காரர் கேட்டார், "கரைஞ்சு ஓடுதா?" அதுவும் இல்லை என்றேன். "அப்புறம் என்ன, அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஆபீசில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியில் நாற்றுப் பண்ணைக்காரர்தான் வழி சொன்னார். சூரியகாந்தி நட்டால் அது ஈயத்தை வேரால் உறிஞ்சி எடுத்துவிடுமாம். உங்கள் அத்தையின் கீரையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரோரம் முழுக்கச் சூரியகாந்தி நட்டேன். மாப்பிள்ளை, அது வளர்ந்த வளர்த்தி இருக்கிறதே, கண் பட்டுவிடும்! ஆளுயரத்துக்கு நின்றது, ஒவ்வொரு பூவும் தட்டு அகலம். தெருவில் இருக்கிற அத்தனை பேரும் வந்து பூவுக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். விதையைத் தின்ன வந்த கிளிகளை நான் காலையிலிருந்து இருட்டும் வரை கம்போடு நின்று விரட்டினேன். ஈயத்துக்குப் பயந்து அல்ல, ஓர் ஒழுங்குக்காக. கிளிகளுக்கு அது புரியவில்லை, உங்கள் அத்தைக்கும் புரியவில்லை. "மண்ணுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொல்றீங்க, அப்புறம் கிளி தின்னா என்ன?" என்று கேட்கிறார். இப்படிப்பட்டவர்களோடு நான் காலம் தள்ளுகிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கம், ரசாயனம் படாத சிறந்த இயற்கைத் தோட்டம் என்று நம் தோட்டத்துக்கு முதல் பரிசு கொடுத்திருக்கிறது! மேடை, மைக், மாலை எல்லாம் உண்டு. கேடயத்தில் 'மண்ணைக் காப்போம்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறது. கேடயத்தை வழங்கியவர் யார் தெரியுமா? பேட்டரிப் பட்டறை முதலாளி. விழாச் செலவு அவருடையதாம். மண்ணைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டுச் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கேடயத்தாலேயே முதலாளி மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது. ஆனால் ஊரே கை தட்டுகிறதே, வாங்கிக்கொண்டு கும்பிட்டேன்.

பூ முற்றிய பிறகுதான் தலைவலி தொடங்கியது. உறிஞ்சிய விஷம் இப்போது செடியில் இருக்கிறது, எரிக்காதே, உரமாக்காதே, மாட்டுக்குப் போடாதே என்று நாற்றுப் பண்ணைக்காரர் சாவகாசமாக அப்போது சொல்கிறார். முதலிலேயே சொல்ல வாயில் என்ன கொழுக்கட்டையா? எல்லாவற்றையும் வெட்டிச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொண்டு போனேன். வண்டிக்கார அம்மா கேட்டாள், "மக்குமா, மக்காதா?"

"மக்கும்மா. ஆனா மக்க விடக் கூடாது."

"அப்ப பச்சை டப்பாவா, நீல டப்பாவா?"

"ரெண்டுலயும் போடக் கூடாது."

"அப்ப வீட்டுலயே வெச்சு அழகு பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பட்டறைக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இப்படிக் குடுங்க, நான் எரிச்சுடறேன்" என்றார். உன் உபகாரமும் வேண்டாம் நீயும் வேண்டாம் என்று சாக்குகளைப் படுக்கையறையில் அடுக்கிவிட்டேன். நானும் அத்தையும் கூடத்தில் படுக்கிறோம். அன்றிலிருந்து உங்கள் அத்தை பேசுவதில்லை, அதாவது என்னோடு.

ஆக, ஈயம் சாக்கில் இருக்கிறது, சாக்கு அறையில் இருக்கிறது, மண் சுத்தம். கேடயமே சாட்சி. இன்னும் ஈயம் காட்டினால் உங்கள் மெஷினை எங்கேயாவது ரிப்பேருக்குக் கொடுங்கள். படித்தவர்களுக்குத் தங்கள் கருவி தப்பாகச் சொல்லும் என்று தோன்றவே தோன்றாது. வருகிற விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தே தீர வேண்டும். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கட்டும், விழட்டும், புரளட்டும். நாங்களெல்லாம் அப்படி வளர்ந்தவர்கள்தான். வரவில்லையென்றால் என் கால் உங்கள் வாசற்படியை மிதிக்காது. இது சத்தியம்.

என் மகளுக்கு என் அன்பு. பேத்திக்கு ஆயிரம் முத்தம். தங்களுக்கு, கோபம் போக மிச்சமிருக்கிற ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பியவன், உங்களை மடக்க ஓர் ஆதாரமும் இருக்கட்டுமே என்று, ஒரு டப்பா மண்ணோடு வழியில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் நுழைந்தேன். அங்கிருந்த பெண்ணும் அதே மாதிரி மெஷினைத்தான் வைத்திருந்தாள். நீங்கள் சொன்ன எண்ணுக்கும் அவள் சொன்ன எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சூரியகாந்தி உறிஞ்சியது ஒரு சிட்டிகைதானாம். இன்னும் எத்தனை தடவை நட வேண்டும் என்று கேட்டேன். அவள் பதிலுக்கு என் வயதைக் கேட்டாள். சொன்னேன். "அப்ப வேற வழி பாருங்க சார்" என்றாள். மேல்மண்ணை வாரி எடுத்து முறையாக அப்புறப்படுத்தி, நல்ல மண் போட வேண்டுமாம். அதற்கு முன்னால் பட்டறையை நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் போடுகிற மண்ணும் வீணாம். "அதுவரைக்கும் குழந்தைங்க வந்தா கையை வாயில வைக்க விடாதீங்க" என்றாள். அந்த வயசுப் பிள்ளை கையை வேறு எங்கே வைக்கும்? எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

குழந்தையைக் கூட்டி வர வேண்டாம். நாங்களே ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அந்த மண் வருமாம். அதனால் நான் குளித்து, உங்கள் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும் வரை பேத்தியை என்னிடம் கொடுக்காதீர்கள். நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.