முறுக்கு டின்னில் செல்லம்மா

பினாங்குத் தீவிலேயே சிலந்தியிடம் மரியாதையாகப் பேசிய ஒரே மனிதர் எங்கள் எட்டுக்கால் அண்ணன்தான். ஆட்களையெல்லாம் வாடா போடா என்பார். உள்ளங்கை அகலத்துக்குக் கறுகறுவென்று முடியோடு இருந்த அந்தச் சிலந்தியை மட்டும், “செல்லம்மா, சாப்பிட்டீங்களா?” என்று விசாரிப்பார்.

எண்பதுகளில் அங்கே டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு மாடியறையில் நானும் அவரும் வாடகைக்கு இருந்தோம். அவர் கப்பல் கம்பெனி குமாஸ்தா. செல்லம்மா கண்ணாடித் தொட்டியில் கரப்பான்பூச்சி தின்று வாழ்ந்தாள்.

“முன்காலைத் தூக்குனா கோபம்னு அர்த்தம். அப்ப கிட்ட போகாதே” என்பார் அண்ணன்.

“கடிச்சா?”

“விஷம் கொஞ்சம் இருக்குதான். ஆளைக் கொல்லாதுலா. தேனீ கொட்டுன மாதிரி.”

செல்லம்மா முன்காலைத் தூக்காத நேரத்தை நான் பார்த்ததேயில்லை.

கீழே இருந்த வீட்டுக்கார அக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: “யாரையாச்சும் அது கடிச்சுது, அன்னிக்கே நீயும் அதுவும் வெளிய.” அண்ணனுக்கு அந்த ஒரு பயம்தான். சிலந்தியோடு வருகிறேன் என்றதும் ஏற்கெனவே நான்கு வீட்டில் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

தீபாவளிக் காலை. தொட்டியைக் கழுவ வேண்டும் என்று செல்லம்மாவைக் காலி பிஸ்கட் டின்னில் விட்டு மாடிப்படியில் வைத்தார் அண்ணன். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க அக்கா முறுக்கை நிரப்பி, அதே மாதிரி டின்களை அதே படியில் அடுக்கியிருந்தார். “தம்பி, பக்கத்து வீட்டு சீன அங்கிளுக்கு ஒண்ணு குடுத்துட்டு வா” என்றார். நான் கைக்கு வந்ததை எடுத்துப்போய்க் கொடுத்தேன். கனம் குறைவாகத்தான் இருந்தது. அக்காவின் கை கொஞ்சம் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தால், அண்ணன் ஒரு டின்னைத் திறந்து அதிலிருந்த முறுக்கைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார். என் வெறுங்கையைப் பார்த்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். அங்கிள் எங்களுக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து, பார்க்காமல் உள்ளே கையை விடப்போனார். அதற்குள் அண்ணன் தன் கையைக் குறுக்கே விட்டுவிட்டார். கடி விழுந்தும் சத்தமே போடவில்லை. மூடியை அழுத்தி மூடி, “இது பழைய முறுக்கு” என்று மலாய் மொழியில் சமாளித்து டின்னை வாங்கிக்கொண்டு வந்தார்.

வழியில் மெதுவாகச் சொன்னார்: “தேனீன்னு சொன்னேன்ல தம்பி? ஒரு கூடே இருக்கு போல.”

மத்தியானம் அக்கா இலை போட்டார். வீங்கிய வலது கையாலேயே அண்ணன் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“ஏன்டா அழுவுற?” என்றார் அக்கா.

“காரம்க்கா.”

“கேசரியிலயா?”

அக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். “எப்படிடா கடிச்சுது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். “நான்தான்க்கா கவனமில்லாம கையை விட்டேன். அவங்க மேல தப்பு இல்ல. வேற யார் மேலயும் இல்ல.”

அக்கா அவர் கையை விட்டார். “யாரையாச்சும் கடிச்சாத்தானே வெளியன்னு சொன்னேன்? உன்னை ஒரு ஆளா நான் எப்படா சேர்த்தேன்? பேசாம சாப்பிடு.” சொல்லிவிட்டு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

டின்னைத் தூக்கிக்கொண்டு போனவன் நான் என்று அண்ணன் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

இன்றும் தீபாவளிக்கு முறுக்கு டின் வந்தால், மூடியைத் தட்டி, “செல்லம்மா, இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். நான் தேடுவது செல்லம்மாவை அல்ல, அண்ணனைத்தான்.