கொசுவத்துக்குள் ஒரு பாண்டோங்

சொந்த பாணி, சொந்த பாணி என்று பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டு, இனி போதும் என்று தள்ளி வைத்தவர்கள் ஒரு வகை. கற்கச் சோம்பல்பட்டு, அந்தச் சோம்பலுக்கு அழகான பெயர் வைத்தவர்கள் இன்னொரு வகை. இருபத்து நான்கு வயதில் நான் என்னை முதல் வகையில் சேர்த்து வைத்திருந்தேன். வேறு யாரும் சேர்க்கவில்லை.

அப்போது எனக்குக் கோலா சிலாங்கூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போவேன். அங்கே ஒரு பல் கிளினிக்கின் மாடியில் எங்கள் மாயவித்தைக் கழகம் கூடும். தலைவர் அந்தப் பல் டாக்டரேதான். பெயர் பரராஜசிங்கம், யாழ்ப்பாணத்துக் குடும்பம். கீழே பல் பிடுங்குவார், மேலே தொப்பியிலிருந்து கைக்குட்டை பிடுங்குவார். இரண்டுக்கும் ஒரே முகம்தான் வைத்திருந்தார்.

கழகத்துக்கு விதிகள் ஏராளம். அவற்றில் மூன்றை டாக்டர் வேதவாக்காக வைத்திருந்தார். மேடை ஏறுகிறவர் கறுப்புக் கோட்டுதான் போட வேண்டும். உடம்பில் தண்ணீர், பால் என்று எந்தத் திரவத்தையும் ஒளிக்கக் கூடாது. வித்தையின் ரகசியத்தைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது.

அங்கே நான் ஒருத்திதான் பெண். கழகத்தின் பொதுக் கோட்டு எனக்கு முழங்கால் வரைக்கும் வந்தது. கோட்டுக் கைக்குள்ளிருந்து என் கையைத் தேடி எடுப்பதே என் முதல் வித்தையாக இருந்தது. (அதற்குத்தான் கைதட்டலும் அதிகம் கிடைத்தது.) ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"டாக்டர், கோட்டுல ஏழெட்டு பாக்கெட்தான் இருக்கு. சேலையில எத்தன மடிப்பு இருக்குன்னு தெரியுமா? நான் சேலையிலயே செய்யறேனே. அது என்னோட ஸ்டைலா இருக்கட்டும்."

"பிள்ளை, விதி எண்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

"என்னா காரணம்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம் எனக்கும் வடிவாத் தெரியாது. ஆனா இருக்கும்."

விட்டேனா நான்? மூன்று ஞாயிறு விடாமல் நச்சரித்தேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அடுத்த மாதம் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் என் பெரியம்மா மகள் லில்லி அக்காவின் கல்யாண விருந்து. அதில் நான் சேலையோடு வித்தை காட்டுவேன், டாக்டர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். நன்றாகச் செய்தால் கழகத்தின் ஆண்டு விழா மேடையில் சேலையோடு ஏறலாம். சொதப்பினால் கோட்டு, இல்லாவிட்டால் வீடு. அந்த ஆண்டு விழா மேடை எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. கிள்ளான் முழுக்க ஒட்டப்போகும் சுவரொட்டியில் நான் எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

விருந்தன்று மண்டபத்தின் பின்னறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு சேலை கட்டினேன். இடது இடுப்பு மடிப்பில் விரியும் பூங்கொத்து. தோள் முந்தானைக்குள் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்ட பட்டுக் கைக்குட்டைகள். இதுவரை ஓர் அளவுக்கு நியாயம்தான். ஆனால் சொந்த பாணிக்காரி இத்துடன் நிற்பாளா? மற்ற வித்தைக்காரர்கள் வெறும் பேப்பர்ச் சுருளிலிருந்து பால் ஊற்றுவார்கள். நான் நம்மூர் முறைப்படி ஒரு பை நிறைய பாண்டோங் எடுத்துக் காட்டுவதாக முடிவு செய்திருந்தேன். ரோஸ் சிரப்பும் பாலும் கலந்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டித் தருவார்களே, அதேதான். ஐஸ் போடாமல் ஒரு பை வாங்கி வந்து கொசுவத்துக்குள் சொருகினேன். திரவம் கூடாது என்ற விதி ஞாபகம் வந்தது. விதிகள் பயந்தவர்களுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேடைப் படியருகே காத்து நிற்கும்போது பெரியம்மா வந்துவிட்டார். பெண்ணைப் பெற்றவர், தலைக்கு மேல் வேலை. ஆனாலும் கோணலாகக் கட்டிய சேலை ஒன்று கண்ணில் பட்டால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சோறு இறங்காது. அவர் தாலிச் சங்கிலியில் எப்போதும் அரை டஜன் ஊக்குகளாவது தொங்கும்.

"என்னா பாப்பா இது, கொசுவம் மூட்ட மாதிரி நிக்குது? நாலு பேரு பாத்தா என்னா நெனைப்பாங்க?"

"பரவால்ல பெரியம்மா, இருக்கட்டும்."

"என்னாத்த இருக்கட்டும்? நீ பேசாம நில்லு."

"பெரியம்மா, அங்க வேணாம்."

"ஏன் வேணாம்?"

உள்ளே பாண்டோங் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ரகசியத்தைச் சொல்லக் கூடாதே. "சும்மாதான்," என்றேன். சும்மா என்ற காரணத்தை ஏற்றுக்கொள்ளும் பெரியம்மா உலகத்தில் இல்லை. இடுப்பில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று, தோளில் இரண்டு என்று ஊக்குகளை அழுத்திக் குத்தி, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

மேடை ஏறினேன். முதலில் கயிற்று வித்தை. வெட்டிய கயிறு ஒட்டியது. முன்வரிசையில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த டாக்டர் ஒரு முறை தலையை ஆட்டினார். அவர் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. எனக்கு ரெக்கை முளைத்துவிட்டது.

அடுத்து பூங்கொத்து. "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சொல்லி இடுப்பில் கை வைத்து இழுத்தேன். வரவில்லை. இன்னொரு முறை மூணு சொன்னேன். எண்ணிக்கை ஒன்பதைத் தாண்டியபோது, மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து ஒருவர், "இடுப்புல புடிச்சிக்கிச்சு போல, மருந்து இருந்தா குடுங்க லா," என்றார். சிரித்துச் சமாளித்துத் தோளுக்குப் போனேன். முந்தானைக்குள்ளிருந்து முடிச்சு அவிழ்ந்த ஒரே ஒரு கைக்குட்டை வந்தது. மற்றவற்றைப் பெரியம்மாவின் ஊக்கு கெட்டியாகப் பிடித்திருந்தது. நான் இழுக்க, தோள் வர, தோளோடு சேர்ந்து நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அப்போது வலது காலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன். கொசுவத்து ஊக்கு பையையும் சேர்த்துக் குத்தியிருக்கிறது. இளஞ்சிவப்பாக ஒரு கோடு பாதம் வரைக்கும் வந்து, மேடை விரிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, புள்ளைக்கு ஊக்கு குத்திடுச்சு," என்று பெரியம்மா மேடைக்கு ஓடி வந்தார். நான் வேண்டாம் என்று கையை ஆட்ட, மயக்கம் வருகிறது என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தார். கும்பிட்டுக் கேட்டும் விடாமல் ஒவ்வொரு ஊக்காகக் கழற்றினார். முதலில் இடுப்பிலிருந்து பூங்கொத்து விரிந்து அவர் முகத்தில் அடித்தது. தோளிலிருந்து கைக்குட்டைகள் வரிசையாக இறங்கின. கடைசியில் கொசுவத்துக்குள் கை விட்டவர், சுருங்கிப்போன பையை வெளியே எடுத்தார். அதைத் தூக்கி அழுத்திப் பிடித்தபோது ஓட்டை முன்வரிசையைப் பார்த்தபடி இருந்தது. டாக்டரின் வெள்ளைச் சட்டையில் பாண்டோங் பீய்ச்சியது.

பெரியம்மா மைக் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டார். "என்னாடி இது, கொசுவத்துக்குள்ள பாண்டோங்?"

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரம் பிடித்தது. கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இதுதான் வித்தை என்று கடைசிவரை நம்பினார்கள். நான் பின்னறைக்குப் போய் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். சுவரொட்டி போச்சு, மேடை போச்சு, மானமும் போச்சு. பெரியம்மா பின்னாலேயே வந்து ஈரத் துணியால் என் காலைத் துடைத்துவிட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லக் கூடாது பெரியம்மா. கழகத்து விதி."

"இருக்கிற விதியில அந்த ஒன்னத்தான் கேட்டியா?"

வாசலில் டாக்டர் நின்றிருந்தார். சட்டையில் ரோஜா நிறத்தில் ஒரு தீவு. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். ஆனால் வெகுநாளாகத் தேடிய சாவி கிடைத்தவர்போல் நின்றார்.

"பிள்ளை, காரணம் பிடிபட்டிட்டுது," என்றார். "கோட்டுப் போட்ட ஆளை ஒருத்தரும் கிட்ட வந்து திருத்த மாட்டினம்."

அந்த ஆண்டு விழாவில் கோட்டுதான் போட்டேன். என் அளவுக்கு ஒன்று தைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் போனது. (டாக்டரிடம் இதை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.) சில வருடங்கள் கோட்டிலேயே கற்று, எந்த விதி எதற்கு என்று தெரிந்த பிறகு சேலைக்குத் திரும்பினேன். இப்போது சேலையில்தான் மேடை ஏறுகிறேன். திரவம் மட்டும் கிடையாது. கழகமும் புதிதாக ஒரு விதி சேர்த்திருக்கிறது. நிகழ்ச்சிக்கு முன் உறவினர் யாரும் வித்தைக்காரரைத் தொடக் கூடாது.

ஆனால் குடும்பம் சும்மா இருக்குமா? கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் "இன்னிக்கு உள்ள என்னா?" என்ற கேள்வி தயாராக இருக்கும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருவர்கூட என் சேலையைத் தொடுவதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. போன மாதம் கோவிலில் பைபிள் வாசகம் படிக்கும் முறை எனக்கு வந்தது. படித்து முடித்து, நிமிர்ந்த தலையோடு நடுப்பாதையில் நடந்து வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். கொசுவம் பாதி அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் என் சொந்தக்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் பெரியம்மாவைப் பிடித்துக் கேட்டேன், பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்று.

"நீ ஏதோ எடுக்கப் போறன்னு நெனச்சேன் லா," என்றார் பெரியம்மா. "ஃபாதர்கூட பூசையை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாரு."