அலமாரியில் ஒரு காலி இடம்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். வேதியியல் பயிற்சி வகுப்பில் உனக்குச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் வீட்டுக்காரனும் சுகம். "பிஸ்கட்டைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல வந்துடுவேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்கு அவசியமில்லை. என் சர்க்கரை வியாதியை நினைத்து வகுப்பைப் பாதியில் விட்டுவிடாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒவ்வொரு எழுத்தாக வைப்பதால் ஒரு வரி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. மூட்டை சுமந்த காலத்தில் சாக்கின் மேல் எழுதியிருந்ததெல்லாம் எனக்கு வெறும் கறை. எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகு இப்போது வீட்டில் ஒவ்வொரு டின்னும் தன் பெயரைச் சொல்கிறது.

நீ கொடுத்த வேதியியல் அறிஞர்கள் புத்தகத்தை விரல் வைத்துப் படிக்கிறேன். ஒருவர் நெருப்பருகே கண்ணயர்ந்து, பாம்பு தன் வாலையே கவ்வுவதைக் கனவில் கண்டு, அணுக்கள் வளையமாக நிற்பதைக் கண்டுபிடித்தாராம். வேலையில் தூங்கியதற்கு எங்கள் மேஸ்திரி எனக்குக் கொடுத்தது வேறு. அதைப் படித்த அன்று மதியம் நானும் கண்ணயர்ந்தேன். பாம்பு வரவில்லை. உன் சமையலறை டின்கள் மேகம்போல மிதந்து வந்து, கனமானது கீழே, லேசானது மேலே என்று தாமாகவே நின்றன. அதே புத்தகத்தில் ஒரு தாடிக்காரர் தனிமங்களைச் சீட்டில் எழுதி எடைப்படி அடுக்கினாரே, அப்படி.

விழித்ததும் பழைய பேப்பர் கடைக்காரரிடம் தராசு இரவல் வாங்கி வந்து அப்படியே அடுக்கினேன், ஒரே குணமுள்ளவை பக்கத்தில் பக்கத்தில் என்பதால் உப்புக்கு அருகே சமையல் சோடா, உன் வீட்டுக்காரன் பார்க்காமல் சோடாவை அள்ளிப் பருப்பில் போட்டு எலுமிச்சையும் பிழிய அது பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது, எனக்குக் கைதட்டத் தோன்றியது, அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன், அதைவிடப் பெரிய சிக்கல் என்னவென்றால் தனிமத்தின் எடை மாறாது, நம் டின்னின் எடை சமைக்கச் சமைக்கக் குறைகிறது, அதனால் தினமும் காலையில் நிறுத்து இடம் மாற்ற வேண்டியிருக்கிறது.

"அப்பா, நேத்து உப்பு இங்கதானே இருந்துச்சு?"

"நேத்து நீ அள்ளிப் போட்டியே, அதான் மேல போயிடுச்சு."

"நான் கடையிலயே சாப்பிட்டுக்கறேன்ப்பா."

தாடிக்காரர் சில இடங்களைக் காலியாக விட்டார். அங்கே வரவேண்டியது எங்கோ இருக்கிறது என்றார். பிறகு அவை அகப்பட்டன. நம் அலமாரியிலும் பருப்புக்கும் காப்பித்தூளுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அந்த எடையில் ஒன்று இருந்தே தீரும் என்று வீடெல்லாம் தேடினேன். தையல் மெஷின் மூடிக்குள் இருந்தது, நீ ஒளித்த பிஸ்கட் டின். அதன் இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

உன் கையில் எந்தக் குடுவையும் உடையாமல், படித்ததெல்லாம் மனதில் நிற்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் இன்றைய எடையையும் சேர்க்கிறேன். பிஸ்கட் டின் இரண்டு தட்டு ஏறி, தேயிலைக்கும் மேலே போய்விட்டது. கவலைப்படாதே. புத்தகத்தில் மூடிய பாத்திரத்தில் எரித்து நிறுத்துப் பார்த்த இன்னொருவர் சொன்னபடி, பொருள் எதுவும் அழிவதில்லை. பழைய பேப்பர் கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் நானும் ஏறி நின்றேன். கணக்கு சரியாக இருக்கிறது. எந்த பஸ் என்று எழுது. உன் பையைத் தூக்க நான் வருகிறேன்.